நீலத் தொட்டி

நோனுரா தீவு
பிப்ரவரி 5

தங்கச்சி தெகாராவுக்கு அக்கா கினாயி எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். நான் சுகம். முட்டிதான் உக்காந்தா எந்திரிக்க விடமாட்டேங்குது. பேத்தி மரேவா சுகம். முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு, அதைக் காட்டுறதுக்காகவே எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறா. தாயில்லாப் பிள்ளை, அப்பனும் வெளிநாட்டுக் கப்பல்லதான் இன்னும் வேலையா இருக்கான். டிசம்பர்ல வருவானாம்.

நீ அனுப்பின தண்ணித்தொட்டி வந்து சேர்ந்துச்சு. ரெண்டாம் தேதி ஊர் மன்றத்துக்குப் பக்கத்துல நிறுத்தி, கப்பல்லேர்ந்து குழாய் போட்டு நிரப்பினாங்க. இனி கப்பல் வர்றப்பெல்லாம் நிரப்புவாங்களாம். மழை பெஞ்சு எட்டு மாசம் ஆச்சுடீ. கிணத்துத் தண்ணியில சோறு பொங்கினா உப்பே போட வேண்டாம். அதனால ஊரே ஆடிச்சு. தொட்டி முழுக்க நீலப் பெயிண்டு, நடுவுல வெள்ளையில உன் பேரு. நம்ம பாட்டி பேருதானே உனக்கு. அவ பேரைத் தொட்டியில பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, அதை மறைக்க மாட்டேன்.

பெரியவர் தெவாகி எழுந்து பேசினார். "ஜனாதிபதி பொண்டாட்டி குடுத்த தண்ணி, இனி நம்ம ஊர்ல பொம்பளைங்க குரல்கூட ஓங்கும், ஜாக்கிரதை"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம வம்சத்துக்கு உரிய இடத்துல, வடக்கேயிருந்து நாலாவது தூணடியில, நானும் மரேவாவும் உக்காந்து உன் சார்புல நன்றியை ஏத்துக்கிட்டோம். முதல் சிரட்டைத் தண்ணி மரேவாவுக்குத்தான் குடுத்தாங்க.

அந்த இடத்துல நீ உக்காந்திருக்கணும். நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப, மாப்பிள்ளை பக்கத்துல நாற்காலி போட்டு விருந்தாளிங்க பக்கம் உக்காந்தியே. பொறந்த ஊர் மன்றத்துல விருந்தாளி மாதிரி. நாலாவது தூணடி காலியா கிடந்துச்சு, ஊரே பாத்துச்சு. மறந்துட்டேன்னு நினைக்காதே.

ஒரு சின்ன விஷயம். தண்ணி லேசா கசக்குது, நாக்கு மரத்த மாதிரி இருக்கு. புது பெயிண்டு வாசம்னு நானே சொன்னேன். முன்னாடி அதுல என்ன வச்சிருந்தாங்க? அதை மட்டும் எழுது.

சுகமும் அமைதியும் உன் வீட்ல தங்கட்டும்.

அக்கா கினாயி


ஜனாதிபதி மாளிகை, தெபுவா
பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மரேவாவின் பல் சீக்கிரம் முளைக்கட்டும்.

"தாய்மார் தண்ணீர்" திட்டத்தில் பதினாறு தீவுகளுக்குத் தொட்டி போயிருக்கிறது. பத்திரிகையில் என் படத்துடன் செய்தி வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். அவருடைய தம்பி தபேருதான் வெளிநாட்டிலிருந்து இத்தனை தொட்டிகளையும் சலிக்காமல் ஏற்பாடு செய்தார். செப்டம்பரில் தேர்தல். அதற்குள் ஒரு தீவும் தாகத்தோடு இருக்கக் கூடாது என்பது ஜனாதிபதியின் ஆசை.

புதுப் பெயிண்டின் வாசம் இரண்டு வாரத்தில் போய்விடும். தைரியமாகக் குடியுங்கள்.

வெளிநாட்டு விருந்தினர்களின் மனைவிமாருக்குக் கொடுக்கப் பன்னிரண்டு தாழைப் பாய்கள் வேண்டும். நம் வீட்டுக் கரை போட்டு நீங்கள் பின்னுவதுபோல இங்கே யாருக்கும் வரவில்லை. ஏப்ரலுக்குள் அனுப்ப முடியுமா?

நலம் பெருகட்டும்.

தெகாரா


நோனுரா தீவு
மார்ச் 8

தங்கச்சிக்கு,

நீ சுகமா இருக்கணும். தைலம் வந்துச்சு, வாசம் நல்லாருக்கு, வலி அப்படியே இருக்கு. இங்க சுகம்னு எழுத முடியல.

பிள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க. தெவாகி வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் எடுக்குது, மரேவாவும் எடுக்குறா. உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்குறா. "பாட்டி, எறும்பைத் தட்டி விடு"ன்னு கையை நீட்டுறா. எறும்பு ஒண்ணும் இல்ல.

நீ குடின்னு எழுதினதை மன்றத்துல வாசிச்சுக் காட்டினேன். அதுக்கு முன்னாடி பொம்பளைங்க கிசுகிசுன்னு பேசிக்கிட்டாங்க, தொட்டித் தண்ணிதான் காரணம்னு. ஆனா யார் வாய் விட்டுச் சொல்லுவா? மன்றத்துல வச்சு வாங்கின பொருளைத் தொடாம விட்டா குடுத்தவங்க முகத்துல துப்பின மாதிரி. வேண்டாம்னு சொல்லுற உரிமை வாங்கினவனுக்குக் கிடையாது, குடுத்தவங்க வாயாலதான் வரணும். நீயும் இதைப் பாத்து வளந்தவதான். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் எழுந்தேன். "என் தங்கச்சி நமக்குக் கெட்டதை அனுப்பமாட்டா, குடிங்க"ன்னு சொல்லிட்டு என் குடத்தை முதல்ல கொண்டுபோய் நிரப்பினேன்.

நிரப்பிக்கிட்டு இருக்கும்போதுதான் பாத்தேன். வெயில்ல பெயிண்டு ஒரு பக்கம் உரிஞ்சிருக்கு. அடியில செகப்பா எழுத்து. நம்ம எழுத்து இல்ல, கட்டங்கட்டமா கோடு. இங்க யாருக்கும் படிக்கத் தெரியல, நர்ஸம்மாவுக்கும் தெரியல. மூணாங்கிளாஸோட நின்னவ நான், தெரியாத எழுத்துன்னா எனக்குப் படம் மாதிரிதான். அதனால படம் வரையுற மாதிரி அப்படியே வரைஞ்சு, காயிதத்தை இந்தக் கடிதத்துக்குப் பின்னால கறிப்பலா மரத்துப் பாலால ஒட்டியிருக்கேன். அங்க படிக்கத் தெரிஞ்சவங்க கிட்டக் காட்டு. என்ன எழுதியிருக்குன்னு சீக்கிரம் சொல்லு.

பாய் ஆறு ஆயிருக்கு.

சுகமும் அமைதியும் உன் வீட்ல தங்கட்டும்.

அக்கா கினாயி


ஜனாதிபதி மாளிகை, தெபுவா
ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல்.

பிள்ளைகளின் உடல்நிலை குறித்து உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. கோடைக் காலத்தில் வாந்தி எங்கும் உள்ளதுதான் என்று சொல்கிறார்கள்.

தாங்கள் குறிப்பிட்ட காகிதம் உறைக்குள் இல்லை. வழியில் விழுந்திருக்கலாம்.

பிஸ்கட், சர்க்கரை, டின் பால் அனுப்பியுள்ளேன். மரேவாவுக்குத் தனியாக ஒரு பொட்டலம் இருக்கிறது, சிவப்பு நாடா கட்டியது.

நலம் பெருகட்டும்.

தெகாரா


நோனுரா தீவு
ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நீ சுகமா இருப்பேன்னு நம்புறேன்.

கறிப்பலாப் பால் வச்சு ஒட்டினா படகோட ஓட்டையே அடைபடும். காயிதம் எப்படிடீ விழும்? கிழிச்சு எடுத்தாத்தான் வரும். சரி, விழுந்துச்சுன்னே வச்சுக்குவோம். திரும்ப வரையலாம்னு போனேன். போன வாரம் கப்பல்ல வந்த ரெண்டு பேரு தொட்டிக்கு மறுபடி பெயிண்டு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப நல்லா நீலமா இருக்கு. உன் பேரைக்கூடப் பெருசாக்கியிருக்காங்க.

மரேவா நாடாவை மட்டும் வச்சுக்கிட்டா. பிஸ்கட் உள்ள போனா நிக்கல. விரல் நடுங்குது, சிரட்டையைப் பிடிக்கத் தெரியல. நடக்கும்போது காலு எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே நடக்குறா.

நான் மன்றத்துல எழுந்து, "நான் சொன்னது தப்பு, குடிக்காதீங்க"ன்னேன். தெவாகி என்ன சொன்னார் தெரியுமா? "கினாயி, போன மாசம் குடின்னே, இந்த மாசம் குடிக்காதேங்குறே. நீ குடுத்தியா இதை? உன் தங்கச்சி குடுத்தா. அவ சொல்லட்டும்." அவர் பேரப்பிள்ளைங்களே கால் மரத்துக் கிடக்குதுங்க, அவரே இப்படிப் பேசுறார். அவரைக் கோவிச்சும் பிரயோசனம் இல்ல. இதை விட்டா குடிக்க என்ன இருக்கு? தென்னையும் குரும்பையா உதிருது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ ரேடியோவுல நாட்டுத் தாய்மாருக்குப் பேசுறியே. ஊரே மன்றத்துல உக்காந்து கேக்குது. அதுல ஒரு வார்த்தை சொல்லு. "நோனுராவுல தொட்டியை மூடுங்க." அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டாம், யார் பேரையும் இழுக்க வேண்டாம். குடுத்தவ வாய்ல வந்தா போதும், அந்த நிமிஷமே மூடிடுவாங்க.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரேடியோவுக்குப் பக்கத்துல மரேவாவோட உக்காந்திருப்பேன்.

சுகமும் அமைதியும் உன் வீட்ல தங்கட்டும்.

அக்கா கினாயி


தெபுவா
மே 19

அக்கா,

இதை என் கையால் எழுதுகிறேன், காரியதரிசிக்குத் தெரியாது. நீ நன்றாக இருக்க வேண்டும். மரேவா நன்றாக இருக்க வேண்டும்.

ரேடியோவில் நான் பேசுவதை நான் எழுதுவதில்லை. தட்டச்சு செய்து தருவார்கள், வாசிப்பேன். பூசணி நடுவது பற்றியும் தாய்ப்பால் பற்றியும் வாசித்தேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று தெரியும். வாசிக்கும்போது தெரிந்தது.

ஒரு தீவுக்குச் சொன்னால் பதினாறு தீவும் கேட்கும். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்.

மரேவாவை அடுத்த கப்பலில் என்னிடம் அனுப்பிவிடு. என் அறையிலேயே படுக்க வைத்துக்கொள்கிறேன், நல்ல டாக்டரிடம் காட்டுகிறேன். கப்பல் தலைவனுக்குச் சொல்லிவிட்டேன். சத்தமில்லாமல் அனுப்பு. எதற்காக என்று ஊரில் யாரிடமும் சொல்லாதே.

தெகாரா


நோனுரா தீவு
ஜூன் 1

தெகாரா,

மரேவா போயிட்டா. மே இருபத்தாறு, விடிஞ்சு சூரியன் ஒரு பனை உசரம் வந்தப்ப.

உன் கடிதம் முப்பதாம் தேதி கப்பல்ல வந்துச்சு. கப்பல் தலைவன் இறங்கி வந்து, "பிள்ளை எங்கம்மா, ஏத்திக்கச் சொல்லி உத்தரவு"ன்னான். கொண்டுபோய்க் காட்டினேன். மேட்டு மண்ணு இன்னும் இறுகல. அவன் தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். அந்த மரியாதையாவது அவனுக்கு இருந்துச்சு.

கொதிக்கவும் வச்சுப் பாத்துட்டேன், நீ சொல்றதுக்கு முன்னாடியே. கொதிச்சா அடங்குறது அதுல இல்ல.

நீ அனுப்பின நாடாவை அவ மணிக்கட்டுல கட்டியே விட்டேன். நீ கேட்ட பாய்ல ஒண்ணை எடுத்து அவளைச் சுத்தினேன். பதினொண்ணுதான் வரும்.

சத்தமில்லாம அனுப்புன்னு எழுதியிருக்கே. சாதாரண வாந்தின்னா எதுக்குச் சத்தமில்லாம? மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கு அது போதும்.

அவ அப்பனுக்கு யார் சொல்லுறது? அவன் எந்தக் கடல்ல இருக்கான்னே தெரியல.

ஊர் இன்னும் குடிக்குது.

கினாயி


ஜனாதிபதி மாளிகை, தெபுவா
ஜூன் 24

தங்கள் குடும்பத்தில் நேர்ந்த இழப்பு அறிந்து மேதகு ஜனாதிபதி உரியம் அவர்களும் அவர்தம் துணைவியாரும் ஆழ்ந்த துயரம் அடைகின்றனர். அன்னாரின் ஆன்மா சாந்தி அடைவதாக.

(அச்சடித்த கருப்புக் கரை அட்டை. அடியில் பென்சிலில்:)

அக்கா, ஆகஸ்ட் பன்னிரண்டில் நாங்கள் நோனுராவுக்கு வருகிறோம். தேர்தல் பயணம்.


நோனுரா தீவு
ஜூலை 7

தெகாரா,

அட்டை வந்துச்சு. "அன்னார்"னு போட்டிருக்கு. ஆறு வயசுப் பிள்ளை அன்னார்.

இப்ப நான் கேட்கிறேன். சும்மா கேட்கல, நம்ம முறைப்படி கேட்கிறேன். ரத்தம் ரத்தத்துக்கிட்ட முறை வச்சுக் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது. சொன்னவங்க வம்சத்துலயே இல்ல. நாப்பது வருஷத்துல உன்கிட்ட நான் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்ல. நீ கேட்டிருக்கே. கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு நீ கேட்டே. அதுக்காகத்தான் நான் மூணாங்கிளாஸோட நின்னு கொப்பரைக்குத் தேங்காய் உரிச்சேன். அம்மாவோட சேம்பங்கிழங்குக் குழி நிலத்தைக் கேட்டே, குடுத்தேன். கல்யாணத்துக்கு நான் ஒண்ணரை வருஷம் பின்னின பாயைக் கேட்டே, மடிச்சே குடுத்தேன். அதுமேலதான் நீயும் அவரும் நின்னு படம் எடுத்துக்கிட்டீங்க. ஒண்ணையும் மறக்கல.

நான் கேட்கிறது இதுதான். நீ வந்ததும் நாற்காலியில உக்காரக் கூடாது. நாலாவது தூணடியில, நம்ம இடத்துல, தரையில உக்காரணும். ஊர் திரும்பி வந்த பொண்ணுக்கு வீட்டுக்காரங்க தண்ணி குடுக்குற மாதிரி நான் ஒரு சிரட்டை குடுப்பேன். அந்தத் தொட்டித் தண்ணி. நீ குடி, இல்லைன்னா எல்லாரும் கேக்க "குடிக்காதீங்க"ன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு.

குடிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேட்கிறேன்.

கினாயி


நோனுரா தீவு
ஆகஸ்ட் 14

தெகாரா,

உன் கப்பல் நங்கூரம் எடுக்குறதுக்கு முன்னாடி இதை அதுலயே குடுத்து விடுறேன்.

நீ இருந்த இடத்துல நடந்ததையே எழுதுறேன். ஏன்னா சிரட்டை கைக்கு வர்ற வரைக்கும் நீ தலையை நிமித்தல.

நாற்காலியிலதான் உக்காந்தே. நாலாவது தூணடியில நான் மட்டும், பக்கத்துல ஒரு சின்னப் பாய், அதுல யாரும் இல்ல. நீ வருவேன்னு காத்துப் பாத்தேன். பாட்டு முடிஞ்சுது, மாப்பிள்ளை பேச்சு முடிஞ்சுது. நீ வரல. மன்றத்துக்குள்ள நிமிந்து நடக்கக் கூடாதுல்ல. இந்த முட்டியை மடக்கி, சிரட்டை தளும்பாம, குனிஞ்சுக்கிட்டே உன் காலடி வரைக்கும் வந்தேன். உன் செருப்பு வெள்ளையா இருந்துச்சு.

"குடி, இல்லைன்னா சொல்லு"ன்னேன். உனக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை சிரிச்சார். "அக்கா கைத்தண்ணியாச்சே, குடி குடி! எங்க வீட்ல எனக்குக்கூட இந்த மரியாதை கிடையாது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. படம் எடுக்குறவன் முன்னால ஓடி வந்தான்.

நீ சிரட்டையை வாங்கினே. உன் கண்ணைப் பாத்தேன். உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்னு அப்ப எனக்குத் தெரிஞ்சுது. குடிச்சே. ஒரே மடக்குல, அடி வரைக்கும். வாயைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சே. ஊர் கை தட்டிச்சு.

ரெண்டுல ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன். யாராலயும் செய்ய முடியாததுன்னு நான் நினைச்சதை நீ செஞ்சுட்டே. வார்த்தையைவிட விஷம் சுலபமா இருந்துச்சா உனக்கு?

இன்னிக்குக் காலையில தொட்டிக்கிட்ட வரிசை நிக்குது. "ஜனாதிபதி பொண்டாட்டியே குடிச்சா, உனக்கு என்ன கினாயி?"ன்னு கேக்குறாங்க. வாந்தி எடுக்குற பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒருத்தி கேட்டா.

கினாயி


நோனுரா தீவு
செப்டம்பர் 11

தெகாரா,

மாப்பிள்ளை ஜெயிச்சுட்டார்னு ரேடியோவுல சொன்னாங்க. ஒன்பதாம் தேதி கப்பல் வந்துச்சு, உன் உறையும் வந்துச்சு. உள்ள கடிதம் இல்ல. என் காயிதம் மட்டும் இருந்துச்சு.

நான் வரைஞ்ச செகப்புக் கோடுங்க. பின்னால கறிப்பலாப் பால் கறை, அதோட ஒட்டிக்கிட்டு வந்த என் கடிதத்தோட ஒரு கிழிசல். வழியில விழல.

கோடுங்களுக்குக் கீழ உன் கையெழுத்து. "மரம் உளுத்துப்போகாமல் ஊற வைக்கும் மருந்து. நஞ்சு. இக்கலத்தில் குடிநீர் வைக்கக் கூடாது." அதுக்குக் கீழ தேதி, மார்ச் 22. அது பழைய மை, வெளிறிப் போயிருக்கு. அதுக்கும் கீழ புது மையில ஒரு வரி. "தொட்டியை மூடுங்கள். கொடுத்தவள் தெகாரா."

உறை மேல முத்திரையைப் பாத்தேன். ஆகஸ்ட் இருபது. தேர்தலுக்கு முன்னாடியே போட்டிருக்கே, கப்பல்தான் தாமதம். அதை நான் கவனிச்சேன்னு நீ தெரிஞ்சுக்கணும். நல்லதையும் நான் மறக்கிறவ இல்ல.

மன்றத்துல குடுத்தேன். தெவாகி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் வாசிச்சார். "குடுத்தவ கைதான்"னு சொன்னார். அவரோட சின்னப் பேரன் போய் இன்னிக்கு ஒன்பது நாள் ஆகுது. எழுந்து போய் அவரே தொட்டிக்குத் தோள் குடுத்தார். ஊர் ஆம்பளைங்க எல்லாரும் சேந்து சாய்ச்சாங்க. தண்ணி மண்ணுல போறதை எல்லாரும் நின்னு பாத்தோம். தாகத்தோடதான் நின்னோம். மத்த பதினஞ்சு தீவுக்கும் சொல்லி விட, தெவாகி மகன் படகுல கிளம்பிட்டான். நீ ரேடியோவுல சொல்லியிருந்தா அவன் துடுப்புப் போட வேண்டியதில்ல.

மார்ச் இருபத்திரண்டு. மரேவா மே இருபத்தாறு வரைக்கும் இருந்தா. அறுபத்தஞ்சு நாள். ஒவ்வொரு நாள் காலையிலயும் அவளுக்கு முதல் சிரட்டையை என் கையாலதான் குடுத்தேன். ஏன்னா நீ குடின்னு எழுதியிருந்தே, சந்தேகம் வந்த பிறகும் வேற தண்ணி இல்ல.

உன் கையெழுத்துல கடைசி வரி நடுங்கியிருக்கு. பயத்துல நடுங்கிச்சா, இல்ல விரலே நடுங்குதா? ஒரு சிரட்டை ஒண்ணும் பண்ணாதுன்னு நர்ஸம்மா சொல்றா. உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட மறைக்காதே.

பதினோரு பாயும் பின்னி முடிச்சாச்சு. அனுப்பப் போறதில்ல. நாலாவது தூணடியில ஒண்ணு விரிச்சிருக்கேன். நாற்காலி இல்லாம, அவர் இல்லாம, என்னைக்காவது நீ தனியா வந்தா உக்காரலாம். இளநி வெட்டித் தர்றேன், என் மரத்துலேர்ந்து, உன் கண்ணு முன்னாடி. குடிக்கலாம், பயமில்ல.

மன்னிக்க மட்டும் மாட்டேன். அதுக்காக வராம இருந்துடாதே.

அக்கா கினாயி